நின்று கெட்ட வண்டி: எம்35ஏ2 லாரிக்கும் எம்105ஏ2 டிரெய்லருக்கும் அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

அமெரிக்க ராணுவம் கழித்த எம்35ஏ2 லாரியை ஏலத்தில் எடுத்தவர் யாராவது என்னிடம் பேசினால், இன்ஜின் எப்படி என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை வருஷம் நின்றது என்றுதான் கேட்பேன். 1950இல் தொடங்கிய லாரி வரிசை இது. முரட்டுக் கட்டுமானம். மூன்று ஆக்ஸில், பல வகை எரிபொருளிலும் ஓடும் 7.8 லிட்டர் ஆறு சிலிண்டர் மல்டிஃபியூயல் இன்ஜின், ஐந்து கியர், காட்டுப் பாதையில் இரண்டரை டன் சுமை. ஓட்டி ஓட்டி இதைத் தேய்ப்பது கஷ்டம். ஆனால் திறந்த மைதானத்தில் மழையிலும் வெயிலிலும் பத்துப் பதினைந்து வருஷம் நிறுத்திவைத்தால் கெட்டுப்போகும். ரப்பர் இறுகிவிடும், தாழ்வான இடத்திலெல்லாம் தண்ணீர் இறங்கும், எர்த் இணைப்புகளில் துரு ஏறும். கீழே சொல்லும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். அதனால் எந்தப் பாகத்தையும் புதிதாக வாங்குவதற்கு முன் ரப்பர், தண்ணீர், எர்த் என்று வரிசையாகப் பார்த்துவிடுங்கள்.

லாரிக்கான ராணுவக் கையேடு டிஎம் 9-2320-361 வரிசை. டிரெய்லருக்கு டிஎம் 9-2330-213. நட்டு இறுக்கும் அளவு, பிரேக் ஷூ இடைவெளி போன்றவற்றை அதில் பார்த்துச் செய்யுங்கள், யாராவது வாய்வழி சொன்ன அளவை நம்ப வேண்டாம்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு விஷயம். இந்த லாரியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம் இருக்கும் டிரம்மைத்தான் அது பிடிக்கிறது. பின் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட் பிரேக் எதையும் பிடிக்காது, வண்டி தாராளமாக உருளும். ஷாஃப்டில் கை வைக்கும் முன்பே சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிடுங்கள். ஏறக்குறைய ஆறு டன் இரும்பு, மெதுவாக உருண்டால்கூட நிறுத்த முடியாது.

பிரேக் பெடல் தரைவரை போகிறது

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எம்35ஏ2வில் பிரேக் ஆயில் ஓடுவது ஒரே சர்க்யூட்டில். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று என்று பிரித்திருக்க மாட்டார்கள். ஆறு சக்கரங்களில் எங்கேயாவது ஒரு வீல் சிலிண்டர் கசிந்தாலும், ஒரு ஹோஸ் வெடித்தாலும், மொத்த பிரேக்கும் போய்விடும். அதனால் இன்ஜின் எடுக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே நான் பிரேக்கைப் பிரித்துவிடுவேன். ஓடாத லாரி யாரையும் கொல்லாது.

முதலில் ஓட்டுநர் காலடித் தகட்டைத் தூக்கி மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஊற்றிவிட்டுக் கிளம்பாதீர்கள், அது எங்கே போனது என்று தேடுங்கள். ஆறு சக்கரங்களிலும் டயரின் உள்பக்கச் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் மோந்து பாருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், ஆக்ஸில் சீல் போயிருக்கிறது. நெடியில்லாமல் வழுவழுவென்று இருந்தால் பிரேக் ஆயில்.

சக்கரங்கள் எல்லாம் உலர்ந்திருந்தும் ஆயில் குறைகிறதா? அப்படியானால் ஏர் பூஸ்டரைச் சந்தேகப்படுங்கள். கேபினுக்குக் கீழே ஃபிரேமில் மாட்டியிருக்கும் உருளை அது. பெடல் தரும் ஆயில் அழுத்தத்தைக் காற்றின் பலத்தால் பெருக்கிக் கொடுப்பது அதன் வேலை. உள்ளே சீல் போனால் ஆயில் காற்றுப் பக்கம் புகுந்துவிடும். வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் மாஸ்டர் சிலிண்டர் காலியாகிக்கொண்டே இருக்கும். பூஸ்டரின் காற்றுப் பக்கக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் ஈரம் இருந்தால் பூஸ்டரைப் பிரித்து சீல் மாற்ற வேண்டும், இல்லையென்றால் முழுதாக மாற்ற வேண்டும்.

அப்புறம் எந்த ஆயில் என்ற கேள்வி. அமெரிக்க ராணுவம் 1980களின் தொடக்கத்தில் சாதாரண பிரேக் ஆயிலை விட்டு, டாட் 5 எனப்படும் சிலிகான் ஆயிலுக்கு மாறியது. சாதாரண டாட் 3 ஆயிலும் சிலிகான் ஆயிலும் ஒன்றோடொன்று கலக்காது. நடுவில் கைமாறிய வண்டியில் யார் எதை ஊற்றினார்கள் என்று தெரியாது. நான் கண்ணாடி பாட்டில் ஒன்றில் கொஞ்சம் எடுத்து ஜன்னலோரம் வைத்துவிடுவேன். என் முதல் லாரியில் எடுத்தது அரைமணி நேரத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒன்று வெளிறிய ஊதா, மற்றது பழுப்பு, இரண்டுக்கும் நடுவே மூக்குச் சளி மாதிரி ஒரு படலம். வீல் சிலிண்டரைத் திறந்தபோது அதே படலம் பிஸ்டனைச் சுற்றி ஒட்டிக்கிடந்தது. அப்படி இருந்தால் ஊதி வெளியேற்றினால் மட்டும் போதாது. எல்லா ரப்பர் கப்பும், எல்லா ஹோஸும் மாற்றி, இரும்புக் குழாய்களை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்றடித்து உலர்த்திய பிறகுதான் புது ஆயில். சிலிகானாக இருந்தாலும் சாதாரணமாக இருந்தாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மாஸ்டர் சிலிண்டர் மூடிக்குப் பக்கத்தில் பெயின்டால் எழுதிவையுங்கள்.

பிளீடிங் செய்யும்போது, அதாவது ஆயில் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றும்போது, ஏர் பூஸ்டரிலிருந்து தொடங்குங்கள், பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து கிட்ட வாருங்கள். பூஸ்டரை விட்டுவிட்டுச் சக்கரங்களை மட்டும் பிளீட் செய்துவிட்டு, பெடல் இன்னும் பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று நாள் கணக்கில் அல்லாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மாற்றியமைக்க நினைப்பவர்களுக்கு என் கருத்து: பெரிய டயர், உயரமான கேபின் என்பதெல்லாம் பிறகு பார்க்கலாம். முதல் செலவு இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு இருக்கட்டும். முன் ஆக்ஸிலுக்கு ஒரு பூஸ்டர், பின் இரண்டுக்கும் ஒரு பூஸ்டர் என்று பிரித்துவிட்டால் ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் பிடிக்கும். இந்த லாரியில் இதைவிட நல்ல மாற்றம் எனக்குத் தெரிந்து கிடையாது.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, அல்லது பிரேக் பிடித்தபின் விடமாட்டேன் என்கிறது

கல் மாதிரி இருந்து, வண்டி மெதுவாகத்தான் நிற்கிறது என்றால் பூஸ்டருக்குக் காற்று வரவில்லை. காற்று மீட்டரைப் பாருங்கள். அழுத்தம் இல்லாவிட்டாலும் ஆயில் பிரேக் வேலை செய்யும், ஆனால் உங்கள் கால் பலம் மட்டும்தான். மீட்டரில் காற்று இருந்தும் பெடல் இறுகியிருந்தால் பூஸ்டரின் வால்வு சிக்கியிருக்கலாம்.

பிரேக் விடாமல் டிரம் சூடாகிறது என்றால் எத்தனை டிரம் என்று பாருங்கள். ஆறும் சூடு என்றால் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய சின்னத் தளர்வு இல்லை. பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காததால் ஆயில் திரும்பும் சின்னத் துளை அடைபட்டு நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் ராடை அளவாகத் தளர்த்தினால் சரியாகிவிடும். ஒரு ஆக்ஸில் மட்டும் சூடு என்றால் அந்த ஆக்ஸிலுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத்தான் இருக்கும், உள்சுவர் வீங்கி வழியை அடைத்திருக்கும். பெடலின் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர முடியாது. அந்தச் சக்கரத்தின் பிளீடர் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே சுற்றத் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம், ஹோஸ்தான். ஒன்று போனால் மற்றவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரே ஒரு டிரம் என்றால் வீல் சிலிண்டர் பிஸ்டன் துரு பிடித்து நிற்கிறது, அல்லது ஷூ அட்ஜஸ்ட்மென்ட் அதிகம்.

காற்று ஏறவில்லை, ஏறினாலும் நிற்கவில்லை

கம்ப்ரசர் நல்ல நிலையில் இருந்தால் சுமார் 120 பவுண்டு (பிஎஸ்ஐ) வரை ஏறியதும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் வெட்டிவிடும். 60 பவுண்டு வாக்கில், காற்று குறைவு என்று எச்சரிக்கும் பஸ்ஸர் நிற்கும். பஸ்ஸர் கத்திக்கொண்டிருக்கும்போது வண்டியை நகர்த்தக் கூடாது.

முதலில் டேங்குகளின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். துருத் தண்ணீரும் ஆயிலும் கலந்து காப்பி டிகாஷன் மாதிரி வரும். தெளிந்த காற்று வரும்வரை விடுங்கள். பிறகு காற்றை ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, சோப்புத் தண்ணீரோடு காது கொடுத்துச் சுற்றி வாருங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடம் வைப்பர். இந்த லாரியின் வைப்பர் காற்றில் ஓடுகிறது. அதன் மோட்டாரில் இறுகிப்போன சீல் கேபினுக்குள்ளேயே உஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டிருக்கும். காற்று ஹாரன், முன் ஆக்ஸிலைச் சேர்க்கும் காற்று வால்வு, பின்பக்கத்து டிரெய்லர் கப்ளிங் வால்வுகள் இரண்டு என்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தால் கசிவு பிடிபடும். பிரேக்கை அழுத்தும்போது மட்டும் காற்று கசிகிறது என்றால் பூஸ்டர் பக்கம், அல்லது பெடலை அழுத்தும்போது டிரெய்லருக்குக் காற்று கொண்டுபோகும் சர்வீஸ் லைன் பக்கம்.

செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் எடுக்கவில்லை

இன்ஜினை அணைக்க இழுக்கும் ஸ்டாப் கேபிள் முழுதாக உள்ளே தள்ளியிருக்கிறதா? எளிய விஷயம்தான், ஆனால் கேபிள் துரு பிடித்திருந்தால் கைப்பிடி உள்ளே போனாலும் பம்ப் பக்கத்து முனை அசையாது. பானெட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள்.

டாஷ்போர்டில் மெயின் ஸ்விட்சைப் போட்டதும் டீசல் டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப் ரீங்காரமிட வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்ப் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். டேங்கின் எர்த் ஒயரைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி கேளுங்கள். பம்ப் நிஜமாகவே போயிருந்தாலும் இன்ஜெக்ஷன் பம்பில் இருக்கும் சப்ளை பம்ப் டீசலை இழுக்கும். ஆனால் லைனில் ஏர் பிடித்திருந்தால் அதற்கு நேரமாகும்.

டேங்க் ட்ரெயின் பிளக்கைத் திறந்து ஒரு வாளி பிடியுங்கள். அடியில் தண்ணீரும், தண்ணீருக்கு மேலே கறுப்புப் பாசி மாதிரி ஒன்றும் வந்தால் டேங்கை இறக்கிக் கழுவுவதுதான் வழி. மூன்று டீசல் ஃபில்டர்களையும் மாற்றி, ஒவ்வொன்றின் மேலிருக்கும் திருகையும் திறந்து குமிழி நிற்கும்வரை ஏரை எடுங்கள்.

குளிர்காலத்துக்காக இன்டேக் மேனிஃபோல்டில் தீ மூட்டிச் சூடேற்றும் ஹீட்டர் ஒன்று உண்டு. அது இருக்கும் இன்ஜினில் ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள். நெருப்பும் ஈதரும் மேனிஃபோல்டுக்குள் சந்தித்தால் வெடிக்கும்.

இன்ஜின் எடுத்ததும் தானாக வேகம் பிடிக்கிறது

வருஷக்கணக்கில் நின்ற மல்டிஃபியூயல் இன்ஜினில் இது நிஜமான ஆபத்து. இன்ஜெக்ஷன் பம்புக்குள் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்லீவ் பழைய டீசலின் பிசினில் ஒட்டிக்கொள்ளும். அது முழு டீசல் நிலையில் ஒட்டியிருந்தால் செல்ஃப் அடித்த மறுநொடி இன்ஜின் 2600 சுற்றைத் தாண்டி ஓட ஆரம்பித்துவிடும். ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் கேட்காது, அதே ஸ்லீவைத்தான் கேபிளும் அசைக்க வேண்டும்.

அதனால் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பம்பின் பக்க மூடியைத் திறந்து, ஒருவர் ஆக்சிலரேட்டரையும் ஸ்டாப் கேபிளையும் அசைக்க, உள்ளே தடையில்லாமல் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தாலும் இன்னொரு ஏற்பாடு வேண்டும். டர்போவுக்குப் போகும் காற்றுக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையோடு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நான் செல்ஃப் அடிக்கும்போது பலகை பிடிக்கும் தம்பி, "அண்ணா, நான் ரெடி" என்று வாயால் சொன்ன பிறகுதான் ஸ்விட்சைத் தொடுவேன். இன்ஜின் கையை மீறினால் பலகையை வாயில் வைத்து அழுத்த வேண்டும், காற்றில்லாமல் அடங்கிவிடும். துணியாலோ உள்ளங்கையாலோ மூடக் கூடாது. டர்போ துணியை உள்ளே இழுத்துவிடும், கையையும் விடாது.

இன்ஜின் ஆயில் மட்டம் கூடிக்கொண்டே போகிறது

குறைவதை எல்லோரும் கவனிப்பார்கள், கூடுவதை யாரும் கவனிப்பதில்லை. டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்ஷன் பம்பிலிருந்து டீசல் உள்ளே கசிகிறது. நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். அதோடு ஓட்டக் கூடாது. பம்பை இறக்கி சீல் மாற்ற வேண்டும்.

பம்பின் பக்கவாட்டில் டீசல் வெளியே சொட்டினால் அது பெரும்பாலும் டென்சிட்டி காம்பன்சேட்டர். எரிபொருளின் அடர்த்திக்குத் தகுந்தபடி டீசல் அளவை மாற்றிக் கொடுக்க அதை வைத்திருக்கிறார்கள். பெட்ரோல் முதல் டீசல் வரை எதையும் ஊற்றி ஓட்ட வேண்டிய போர்க்களத்தில் அதற்கு வேலை உண்டு. டீசல் மட்டுமே ஊற்றப்போகிறவருக்கு அது வீண் சுமை. அதை பைபாஸ் செய்து மூடிவிடுவதையே நான் ஆதரிக்கிறேன், ஆனால் மூடும்போது முழு லோடு டீசல் அளவு மாறும். எக்ஸாஸ்ட் வெப்பமானியைப் பொருத்திக்கொண்டு, டர்போவுக்கு முன்னால் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் அளவு வையுங்கள்.

ஆயில் குறைவது திடீரென்று, குடம் குடமாக என்றால், சமீபத்தில் ஆயில் ஃபில்டர் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். பழைய கேனிஸ்டர் ஃபில்டர்களைக் கழற்றும்போது ரப்பர் வளையம் தலைப்பகுதியின் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். கறுப்பு ஆயிலில் கறுப்பு ரப்பர், கண்ணுக்கே தெரியாது. அதன்மேல் புது வளையத்தை வைத்து இறுக்கினால் முதல் சில நிமிஷம் நிற்கும், ஆயில் சூடாகி அழுத்தம் ஏறியதும் இரட்டை வளையம் நழுவி மொத்த ஆயிலும் தரையில். பள்ளத்துக்குள் ஒரு மெல்லிய கம்பி நுனியை விட்டுச் சுற்றி வாருங்கள், ஒட்டியிருந்தால் கம்பி மெத்தென்று அமுங்கும். இரண்டு கேனிஸ்டருக்கும் இதைச் செய்யுங்கள்.

புகையும் சூடும்

கரும்புகை, இழுவை இல்லை: ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது டர்போவுக்கு முன்னும் பின்னும் குழாய்க் கசிவு. வெண்புகை காலையில் வந்து சூடேறியதும் நின்றால் கவலைப்பட வேண்டாம். சூடான பிறகும் வந்துகொண்டே இருந்தால் இன்ஜெக்டர். அதே வெண்புகை இனிப்பு வாடையோடு வந்து, ரேடியேட்டரில் குமிழியும் விட்டால் ஹெட் கேஸ்கெட். இந்த இன்ஜினுக்கு மூன்று சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு ஹெட், கேஸ்கெட்தான் பலவீனமான இடம். அதிக டீசல் கொடுத்துப் பவர் ஏற்ற நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

செல்ஃப் சுற்றவில்லை, விளக்கு எரியவில்லை

மின்சாரம் 24 வோல்ட், இரண்டு 12 வோல்ட் பேட்டரி வரிசையாக. நிற்கும்போது 25 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே, ஓடும்போது 28 வோல்ட் வாக்கில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 18 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரி. பேட்டரியில் நன்றாக இருந்து செல்ஃபில் குறைந்தால் கேபிள் அல்லது எர்த். எர்த் கேபிள் ஃபிரேமைத் தொடும் இடத்தில் பெயின்டின் மேலேயே போல்ட்டை இறுக்கியிருப்பார்கள். சுரண்டி, இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து மாட்டுங்கள்.

ரேடியோ, ஃபோன் சார்ஜருக்காக ஒரே ஒரு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுக்காதீர்கள். ஒரு பேட்டரி காலியாகும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி வெந்துபோகும். 24இலிருந்து 12க்கு இறக்கும் கன்வர்ட்டர் வையுங்கள்.

பிரேக் விளக்கு எரியவில்லை என்று ஒயரை எல்லாம் பிரிப்பதற்கு முன் டாஷ்போர்டின் மூன்று நெம்பு லைட் ஸ்விட்சைப் பாருங்கள். பூட்டு நெம்பைத் தூக்கிப் பிடித்தால்தான் பெரிய நெம்பு சாலை விளக்கு நிலைக்கு வரும். அணைத்த நிலையிலோ இருட்டடிப்பு விளக்கு நிலையிலோ நின்றால், பெடலை எத்தனை அழுத்தினாலும் சாதாரண பிரேக் விளக்கு எரியாது, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ஸ்விட்ச் சரியாக இருந்தும் எரியவில்லை என்றால் விளக்கைக் கழற்றி அது உட்காரும் இடத்தைத் தேயுங்கள். பின்விளக்கு தன் உடம்பின் வழியாகவே எர்த் எடுக்கிறது. ஒவ்வொரு ஒயரிலும் எண் பொறித்த சின்ன உலோக வில்லை இருக்கும், ஒரே எண் வண்டி முழுக்க ஒரே சர்க்யூட். பெயின்ட் அடிக்கும்போது அந்த வில்லைகளை மூடிவிடாதீர்கள்.

ஃபிரேமில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி கேபிள்களைக் கழற்றுங்கள்.

வீல் நட்டு அசையவே இல்லை

எந்தப் பக்கம்? இடதுபக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. ஸ்டட் முனையில் 'எல்' எழுத்து பொறித்திருக்கும், துருவைத் தேய்த்தால் தெரியும். நான் இது தெரியாமல் ஆறடிக் குழாயைச் சொருகித் தொங்கி, கழற்றுவதாக நினைத்து இறுக்கி, ஸ்டட்டை முறித்திருக்கிறேன். பின் இரட்டைச் சக்கரத்தில் வெளி நட்டைக் கழற்றிய பிறகு உள்ளே குல்லாய் மாதிரி இன்னொரு நட்டு இருக்கும், உள்சக்கரத்தைப் பிடித்திருப்பது அதுதான். மாட்டும்போது முதலில் உள்நட்டு, பிறகு வெளிநட்டு.

டயரைப் பற்றி ஒரு கண்டிப்பு. ரிம்மில் டயரைப் பிடித்துவைக்கும் லாக் ரிங் என்ற இரும்பு வளையம் இருக்கிறது. நட்டைத் தொடும் முன் வால்வு ஊசியை எடுத்து காற்றை முழுதாக விடுங்கள், இரட்டைச் சக்கரமென்றால் இரண்டிலும். காற்றடைக்கும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, கவ்விப் பிடிக்கும் முனையோடு நீளமான குழாயில், எதிரே நிற்காமல் ஒதுங்கி நின்று அடையுங்கள். துரு பிடித்த ரிங் தெறித்தால் உயிர் தப்பாது. இந்த வேலை பழக்கமில்லாதவர்கள் லாரி டயர் கடையில் கொடுத்துவிடுவது நல்லது.

பெரிய டயர் போட ஆசைப்படுகிறவர்களுக்கு: ஆக்ஸில் விகிதம் 6.72, ஒரிஜினல் 9.00-20 டயரில் அதிக வேகம் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர். டயர் பெரிதானால் இன்ஜின் நிம்மதியாக ஓடும், ஆனால் அதே டிரம் பிரேக் பெரிய சக்கரத்தைப் பிடிக்க வேண்டும், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் திருப்புவதும் பாரமாகும்.

டிரெய்லர் நகர மறுக்கிறது

எம்105ஏ2 இரண்டு சக்கர டிரெய்லர், காட்டுப் பாதையில் ஒன்றரை டன் சுமை. இதற்கும் காற்றும் ஆயிலும் சேர்ந்த பிரேக்தான். தன் காற்று டேங்க், தன் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் டிரெய்லரிலேயே இருக்கும். லாரியிலிருந்து எப்போதும் காற்று வந்துகொண்டிருக்கும் எமர்ஜென்சி லைனில் அழுத்தம் இல்லாமல் போனால் டேங்கில் இருக்கும் காற்று பிரேக்கைப் பிடித்துவிடும். சாலையில் டிரெய்லர் அறுந்துகொண்டால் தானே நிற்பதற்கான ஏற்பாடு. எனவே லாரியிலிருந்து கழற்றிய டிரெய்லர் பூட்டிக்கொண்டு நின்றால் அது பழுது இல்லை, தன் வேலையைச் செய்கிறது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு, அடியில் டேங்க் வால்வைத் திறந்து காற்றை விடுங்கள், விட்டுவிடும்.

லாரியோடு மாட்டிய பிறகும் பூட்டியிருந்தால், லாரியின் பின்பக்கம் கப்ளிங்குக்கு முன்னால் இருக்கும் இரண்டு அடைப்பு வால்வுகளும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றை மறந்திருப்போம். திறந்தும் விடவில்லை என்றால் ஹேண்ட் பிரேக் நெம்புகளை இரண்டு பக்கமும் பாருங்கள். அதுவும் தளர்ந்திருந்தால் ஷூ டிரம்மோடு துரு பிடித்து ஒட்டியிருக்கிறது. லாரியால் வெடுக்கென்று இழுக்காதீர்கள், லைனிங் ஷூவிலிருந்து பெயர்ந்து உள்ளே சிக்கிக்கொள்ளும். ஜாக்கி வைத்துத் தூக்கி, அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மின் விளிம்பைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். பொறுமையாகத் தட்டினால் விடும்.

டிரெய்லர் பிரேக் பிடிக்கவில்லை

சர்வீஸ் லைனும் எமர்ஜென்சி லைனும் மாறிப் போயிருக்கலாம். ஹோஸ்களுக்கு இரண்டு நிறப் பெயின்ட் அடித்துவைத்தால் இந்தக் குழப்பம் வராது. கப்ளிங் முகத்தில் இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அங்கேயே காற்று போய்விடும், மலிவான பாகம், இரண்டு ஜோடி கையில் வைத்திருங்கள். காற்று சரியாக வந்தும் பிடிக்கவில்லை என்றால் டிரெய்லரின் சொந்த மாஸ்டர் சிலிண்டரைத் திறங்கள். லாரிக்கு ஆயில் பார்க்கிறவர்கள்கூட டிரெய்லருக்கு என்று தனியாக ஆயில் உண்டு என்பதை மறந்துவிடுகிறார்கள். நான் திறந்த ஒன்றில் ஆயிலுக்குப் பதில் துருத் தண்ணீர் நின்றது.

டிரெய்லர் விளக்குகளில் ஒன்றைப் போட்டால் மற்றொன்று மங்குகிறது என்றால் எர்த். 12 ஊசி பிளக்கில் டி எழுத்திட்ட ஊசிதான் எர்த். அதைத் தேய்த்துப் பளிச்சிட வைத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஓடும்போது டிரெய்லர் வாலாட்டுகிறது

சுமை பின்பக்கம் அதிகமாகி, முன் வளையத்தின் மேல் பாரம் இல்லாமல் போனால் இது வரும். டிரெய்லரைக் கூண்டு கட்டி தங்கும் அறையாக மாற்றுகிறவர்கள் தண்ணீர் டேங்கையும் பேட்டரியையும் பின்சுவரில் வைத்துவிடுகிறார்கள். அவற்றை ஆக்ஸிலுக்கு முன்னால் நகர்த்துங்கள். இழுவளையமும் லாரியின் கொக்கியும் தேய்ந்து லொடலொடத்தாலும் வாலாட்டும். கொக்கி மூடியதும் அதன் பூட்டு ஊசியைப் போட்டு, பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டிய பிறகே நகர்த்த வேண்டும்.

இதே டிரெய்லரைச் சாதாரண பிக்கப் வண்டியில் இழுக்க நினைத்தால் இரண்டு சிக்கல். அந்த வண்டியில் 12 வோல்ட், பல்புகளை மாற்ற வேண்டும். அது எளிது. இன்னொன்று, அந்த வண்டியில் காற்று இல்லை, ஆகவே டிரெய்லருக்குப் பிரேக்கே இருக்காது. டேங்கைக் காலி செய்து இழுத்துக்கொண்டு போவது முடியும்தான். வெறும் டிரெய்லரே ஒரு டன்னுக்கு மேல், அதோடு சுமையும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளும். எலெக்ட்ரிக் பிரேக் உள்ள ஆக்ஸிலாக மாற்றும்வரை அதை லாரிக்குப் பின்னால் மட்டும் மாட்டுங்கள்.